நான்காவது நட்டு

நீர்வேலி வாழைக்குலை லொறி இன்று காலை மறுபடியும் நம் கராச்சுக்கு வந்தது. கோப்பாய்ச் சந்தி திரும்பும்போதே எனக்குக் கேட்டுவிட்டது. எஞ்சின் பாரம் இழுக்கையில் ‘உஸ்’ஸென்று ஒரு சீறல். டர்போவும் புகைக்குழாய் மனிபோல்டும் சேருகிற மூட்டில் புகை கசிகிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. “மச்சான், பாம்பு வருது” என்பாய் நீ. இன்றைக்கு அதை நானே சொல்லிக்கொண்டேன். சிரிக்க ஆள் இல்லை.

நீ கண்ணை மூடி மாசியோடு ஒரு வருடம். உன் தேநீர்க் கோப்பை கழுவிக் கவிழ்த்தபடி இருக்கிறது. அதில் குடிக்கவும் மனமில்லை, எடுத்து ஒதுக்கவும் மனமில்லை. ஒரு கையில் டோர்ச், மறு கையில் ஸ்பானர். மூன்றாவது கை தேவைப்படும் போதெல்லாம் உன்மேல் எரிச்சல்தான் வருகிறது. அப்படி என்ன அவசரம் உனக்கு?

ஆறு வருடங்களுக்கு முன் இதே லொறிக்கு இதே மூட்டைச் செய்தோமே, நினைவிருக்கிறதா? மூட்டின் நடுவே வைத்து இறுக்குகிற காஸ்கெட் கடைகளில் இல்லை. மெல்லிய உருக்குத் தகட்டில் நீயே வெட்டினாய். மூட்டின் முகத்தைக் கண்ணாடித் தட்டில் அரத்தாள் விரித்துத் தேய்தேய் என்று தேய்த்தாய். “முகம் பார்த்துச் சவரம் எடுக்கப் போறியோ?” என்று நக்கலடித்தேன். “மினுக்கல் பெரிசில்லை. ஓடவிட்டு, சூடு முழுக்க ஆறினாப் பிறகு ரெண்டாந்தரம் இறுக்கவேணும். அதுதான் வேலை” என்றாய்.

அந்த வேலையை என்னிடம் விட்டுவிட்டு, கோயில் திருநாளென்று கொழும்புத்துறைக்குச் சைக்கிளில் போய்விட்டாய். இரண்டாந்தரம் இறுக்கிய நட்டில் அடையாளம் வைப்பது நம் வழக்கம். நீ கூர்முனை இரும்பால் ஒரு பொட்டுக் குத்துவாய். நான் உளியால் நட்டின்மேலிருந்து மூட்டுவரை ஒரு கோடு இழுப்பேன். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. சூடு ஆற முதலே தொடங்கிவிட்டேன். மூன்று நட்டை இறுக்கிக் கோடும் இழுத்தாயிற்று. நான்காவது டர்போவின் அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. கையை நுழைத்தேன், மணிக்கட்டுச் சுட்டது. போடா என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் நீ முதலில் பார்த்தது அந்தக் காயத்தைத்தான்.

“கையிலை என்ன?”

“சைலன்சர் பட்டுட்டுது.”

“அடி நட்டு இறுக்கினனீயோ?”

“ஓம், இறுக்கினனான்.”

பத்து நாளில், மறுபடியும் சீறுகிறதென்று லொறி முதலாளி வந்து நின்றார். முற்றத்தில் நாலைந்து பேர் இருந்தார்கள். “தகரம் வெட்டி விளையாட என்ரை லொறிதானோ கிடைச்சது உனக்கு?” என்று உன்னைத்தான் கேட்டார். எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். “பிழை என்ரைதான் முதலாளி. ஞாயிற்றுக்கிழமை வீட்டை வந்து பாக்கிறன்” என்றாய். நான் ஏற்கனவே சுத்தமாக இருந்த ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை, என்ன பிழையென்று கேட்டேன். “காஸ்கெட் சரியில்லை மச்சான். மாத்திப்போட்டன்.” அப்போது எனக்கு வந்தது நிம்மதி. அதை நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது. உன் கைவேலையை நீயே சந்தேகிக்க விட்டுவிட்டேனே என்று அது வருடக்கணக்காக என்னை அரித்தது. ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே இருந்தபோது சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். வார்ட் சாப்பாட்டைப் பற்றிக் கதைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

இன்றைக்கு மறைப்புத் தகட்டைக் கழற்றி டோர்ச் அடித்தேன். என் மூன்று கோடுகளும் அப்படியே இருந்தன, நட்டிலிருந்து மூட்டுவரை மயிரிழை விலகாமல். காஸ்கெட் மாற்றியிருந்தால் அந்த நட்டுகளைக் கழற்றியிருக்க வேண்டும். கோடு இப்படிப் பொருந்தி நிற்காது. சின்னக் கண்ணாடியை அடியில் பிடித்து நான்காவதைப் பார்த்தேன். கோடு இல்லை. ஒரு பொட்டு இருந்தது.

மூட்டைப் பிரித்தேன். உள்ளே நீ வெட்டிய அதே காஸ்கெட். ஆறு வருடம் உழைத்து இப்போதுதான் ஓரம் எரிந்திருந்தது. அந்த ஞாயிறு நீர்வேலிக்குப் போய், நான் விட்ட ஒற்றை நட்டை மட்டும் இறுக்கிவிட்டு வந்திருக்கிறாய். உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. என் மணிக்கட்டைப் பார்த்த அன்றைக்கே தெரிந்திருக்கும். பிறகும் எத்தனை வருடம் என் பக்கத்தில் நின்று தேநீர் குடித்தாய்! கேட்டிருக்கலாம் நீ. ஏசியிருக்கலாம்.

லொறியோடு வந்த முதலாளி பழைய டயரில் உட்கார்ந்திருந்தார். “முதலாளி, ஆறு வருசத்துக்கு முந்தி அண்டைக்குப் பிழை விட்டது அவனில்லை. நான்” என்றேன். அவர் டயரை விட்டு எழுந்தார்.

“இதை அவனிட்டைச் சொன்னனீயோ தம்பி?”

புதுக் காஸ்கெட் வைத்துப் பூட்டி, எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தினேன். பின்னேரம்வரை பக்கத்திலேயே இருந்தேன், தொட்டுப் பார்த்தால் இரும்பு குளிரும்வரை. பிறகு அடியில் கையை விட்டேன். அந்தத் தழும்பு அதே இடத்தில் போய் உரசியது. நட்டு இன்னும் கால் சுற்று இறுகியது. உன் கூர்முனை இரும்பை எடுத்து ஒரு பொட்டு வைத்தேன். லொறி சீறாமல் போயிற்று. கராச்சில் ஒரு சத்தமும் இல்லை. “அடி நட்டு இறுக்கினனீயோ?” என்று நீ கேட்கிற நேரம் அது.

ஓம் மச்சான், இறுக்கினனான். அண்டைக்கு இறுக்கேல்லை.