ஞாயிற்றுக்கிழமை ஊமை

திருப்பதி,
7.7.2025

அன்புள்ள தாத்தாவுக்கு,

பிரித்திகா எழுதுவது. நலம். ஹாஸ்டலில் போன் கூடாது என்பதால் கடிதம். சபீனா அக்காதான் உனக்குப் படித்துக் காட்டுவாள். அக்கா சிரிக்கக் கூடாது.

ஞாயிறு என்னைப் பார்க்க நைனாவுக்குப் பதில் நீ வருகிறாயாமே. வா. ஆனால் தமிழ் பேசாதே. தெலுங்கில் தமிழை அரவம் என்பார்களே, இங்கே தமிழ் பேசுகிறவளுக்கு அந்த ‘அரவம்’தான் பட்டம். என் அறைத்தோழி ஸுப்ரஜாவுக்கு, சேர்ந்த அன்றே வைத்துவிட்டார்கள். அவள் சாம்பார் ஊற்றிக்கொண்டாலும் சிரிக்கிறார்கள். அவள் வீடு திருமலையில் கைங்கரியம் செய்கிற தமிழ்க் குடும்பம். ஆசையாகப் போய், “துன்னுட்டியா?” என்றேன். “இது என்ன பாஷைடீ?” என்று கட்டிலில் உருண்டாள். சினிமாவில் கேட்டது என்று தெலுங்கில் சமாளித்தேன். அன்றிலிருந்து நான் தெலுங்குப் பிள்ளை.

நீயும் தெலுங்கிலேயே பேசு. கொஞ்சமாகப் பேசு. உன் தெலுங்கு பாதி வழியில் தமிழாகிவிடும்.

உன் செல்லப் பேத்தி,
பிரித்திகா

விஜயபுரம்,
10.7.2025

அன்புப் பேத்தி பிரித்திக்கு,

தாத்தா செங்கல்வராயன் சொல்ல, தையற்கடை சபீனா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் நைனாவுக்கு ஸ்ரீசிட்டி கம்பெனியில் ஞாயிறும் ஷிப்ட். சிவப்பு மாடு மட்டும் யார்மேலோ கோபமாக இருக்கிறது.

என் தெலுங்குக்கு என்ன குறைச்சல்? நம்ம ஊரை ஆந்திராவில் சேர்த்து எல்லைக் கல் நட்டபோது எனக்குப் பதினாலு வயது. நிலம் அளக்கிற சங்கிலியை மிதித்தேன் என்று காலையில் ஒரு சர்வேயர் தமிழில் திட்டினான். மத்தியானம் வந்தவன் தெலுங்கில் திட்டினான். இரண்டையும் வார்த்தை பிசகாமல் இன்றைக்கும் சொல்வேன். (சொன்னார். எழுதும்படி இல்லை. – சபீனா)

ஆனாலும் மாடு முட்டினால் என் வாயில் தமிழ்தான் வரும். பேசினால்தானே வம்பு? வாயே திறக்கமாட்டேன், போ.

ஆசீர்வாதத்துடன்,
தாத்தா

திருப்பதி,
13.7.2025

தாத்தா,

வாயைத் திறக்கமாட்டேன் என்றால் வாட்ச்மேனிடம் கூடவா? அவர் பேர் கேட்டதும் நீ வாயைக் காட்டிக் கையை விரித்தாய். ஊமை என்று அவர் ஓடிப்போய்ச் சொல்ல, வார்டன் மேடம் உன் காதில் தெருவே கேட்கக் கத்தினார். அதற்கும் காது கேட்காதவன்போல விழித்தாயே, அது யார் யோசனை? ஃபேனுக்குக் கீழே நாற்காலி, இரண்டு தட்டு புளியோதரை!

எல்லோருக்கும் பட்டம் வைக்கிற அகிலா உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் அப்பா காது மூக்கு தொண்டை டாக்டர். அடுத்த ஞாயிறு வரும்போது உன்னையும் பார்க்கிறாராம். தயவுசெய்து வராதே. காய்ச்சல் என்று சொல்லிவிடுகிறேன்.

பிரித்திகா

விஜயபுரம்,
16.7.2025

பிரித்திக் கண்ணுக்கு,

ஊமைக்குக் காய்ச்சலும் வந்தால் அந்தப் பிள்ளை இன்னும் அழும். வருகிறேன். டாக்டர் சொன்னால் வாயைத் திறப்பேன், உள்ளேயிருந்து ஒன்றும் வராது.

நாற்காலி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நீ இளைத்திருந்தாய். “ஏண்டி, ஒழுங்கா துன்றதில்லியா?” என்று கேட்கத் தொண்டை வரை வந்தது. புளியோதரையைப் போட்டு அடைத்தேன். நீ பிறந்ததிலிருந்து, உன்னைப் பார்த்தும் பேசாமல் திரும்பியது அன்றைக்குத்தான். பஸ் ஏறியதும் கண்டக்டரிடம் ஆரம்பித்தேன். அவன் டிக்கெட் போட முன்பக்கம் போனவன் திரும்பவே இல்லை. பக்கத்தில் இருந்தவர் தன் ஊருக்கு முன்னாலேயே இறங்கிக்கொண்டார்.

உனக்கு நல்லது என்றால், படிப்பு முடியும்வரை ஊமையாகவே வருகிறேன். (இதைச் சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அவர் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. – சபீனா)

தாத்தா

திருப்பதி,
23.7.2025

என் தாத்தாவுக்கு,

டாக்டர் டார்ச் அடித்தார், கரண்டியால் நாக்கை அழுத்தினார், நீ முனகக்கூட இல்லை. தொண்டையில் கோளாறு தெரியவில்லை, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம் என்றார். அதற்கும் தலையாட்டினாய். கேட்டில் திரும்பி நின்று, சாப்பிடு என்று கையால் காட்டினாய்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. மெஸ்ஸில் எழுந்து நின்றேன். தெலுங்கில்தான் ஆரம்பித்தேன். பாதியில் அது தானாக மாறிவிட்டது. “எங்க தாத்தா ஊமை இல்ல. ஊர்ல அவரு வாய மூட ஆளே இல்ல. நானும் அரவம்தான். உங்களுக்குப் பயந்துகினு நான்தான் அவரு வாய அடைச்சேன்!”

அகிலா தட்டைத் தள்ளிவிட்டுப் போனாள். அழுததெல்லாம் வீணாம். இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் எனக்குப் ‘பெரிய அரவம்’ என்று பட்டம் வைத்துவிட்டாள். ஸுப்ரஜாவைச் ‘சின்ன அரவம்’ ஆக்கிவிட்டாள். “நான்தான்டீ மொதல்ல அரவம், நீ எப்படிப் பெருசு?” என்று ஸுப்ரஜா என்னோடு சண்டை.

வார்டன் மேடமும் வாட்ச்மேனும் மட்டும் நம்பவே இல்லை. தாத்தா பேசுகிறார் என்று பிள்ளை ஆசையில் சொல்கிறாள், பாவம் என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

ஆகவே ஞாயிறு நீயே வா. கேட்டிலேயே நின்று, வயலில் மாடு விரட்டுகிற குரலில் என் பேரைக் கூப்பிடு. மூன்றாம் மாடியிலிருந்து நான் கத்துகிறேன்: “வந்துகினே இருக்கேன், தாத்தா!”

பிரித்தி