வகுப்புச் சுவரில் ஒரு ஏணி

அகரம்,
13.10.2025

அன்புள்ள வாணிக்கு,

அங்காளம்மாள் எழுதுகிறேன். நீயும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் வீட்டில் அப்படிச் சொல்வதற்கில்லை.

மூன்று தடவை போன் செய்தேன். "கிளாஸ்ல இருக்கேன்டி, அப்புறம் பேசுறேன்" என்று மூன்று தடவையும் வைத்துவிட்டாய். ஒருவகையில் அதுவும் நல்லதுதான், பேசியிருந்தால் கத்தியிருப்பேன். இந்தக் கடிதத்தைப் பூ மார்க்கெட்டுக்கு வரும் வேலுசாமி அண்ணனிடம் கொடுத்து அனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடு.

ஜீவிதா ஐந்து நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. வகுப்பு டீச்சரான உனக்கு அது தெரியாததல்ல. வயிற்றுவலி என்று செய்தி அனுப்பியது நான்தான், அது பொய். காலாண்டுத் தேர்வுத் தாள் கொடுத்த அன்று சாயங்காலம் வந்து பையைப் போட்டவள், "எம்மா, நான் இனிமே போகல. அம்புட்டுத்தான்" என்றாள். அவங்க அப்பா கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். அவள் வாயே திறக்கவில்லை.

நேற்று என் தங்கை மகன் காதுகுத்து ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் தன் முகத்தை மட்டும் பிளேடால் சுரண்டி வைத்திருக்கிறாள். பதினேழு படம் வாணி.

பிறகு அவள் கூடப் படிக்கும் நஜ்முன்னிசாவைக் கூப்பிட்டு விசாரித்தேன். உன் வகுப்புச் சுவரில் பத்துப் படி வைத்த ஏணி ஒன்று வரைந்து ஒட்டியிருக்கிறாயாமே. ஒவ்வொரு பிள்ளையின் போட்டோவையும் குண்டூசியால் குத்தி, ஒவ்வொரு தேர்வுக்கும் மார்க்கைப் பார்த்து மேலே ஏற்றுவாயாம், கீழே இறக்குவாயாம். என் மகள் ஜூலையிலிருந்து அடியில் இருக்கும் முதல் படியிலேயே இருக்கிறாளாம். பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் வந்து எட்டிப்பார்த்துவிட்டு, "ஏய் ஒண்ணாம்படி" என்று கூப்பிடுகிறார்களாம்.

அந்தப் போட்டோவைக் கொடுத்தது நான். பொதுத்தேர்வுப் பட்டியலுக்கு என்று நீ கேட்டாய். தலை வாரி, கனகாம்பரம் வைத்து, ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய் எடுத்து வந்தேன். இரண்டு கேட்டதற்கு நான்கு கொடுத்தேன்.

இதெல்லாம் நிஜமா? இல்லை என்று ஒரு வரி எழுது, போதும்.

உன்,
அங்காளம்மாள்

*

திண்டுக்கல்,
15.10.2025

என் அன்பு அங்காவுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்துப் பதறிப்போனேன். பிள்ளையை இப்போதைக்குத் திட்டாதே. ஆல்பத்தைக் கண்ணில் படாமல் எடுத்து வை.

ஏணி நிஜம்தான். ஆனால் நஜ்முன்னிசா பாதியைத்தான் சொல்லியிருக்கிறாள். அது பிள்ளைகளை அவமானப்படுத்துவதற்காக வைத்ததல்ல, ஊக்கப்படுத்துவதற்காக வைத்தது. ஆறு பேர் அந்த ஏணியைப் பார்த்தே மேலே வந்திருக்கிறார்கள். தலைமையாசிரியர் எல்லா வகுப்பிலும் இதுபோல வைக்கச் சொல்லியிருக்கிறார். நாற்பத்திரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் படும் பாடு உனக்குத் தெரியாது. பிரம்பைத் தொட்டதே இல்லை. நாம் எத்தனை அடி வாங்கினோம், நினைத்துப் பார். இவர்களுக்கு ஒரு சொல் பொறுப்பதில்லை. ஜீவிதா கொஞ்சம் தொட்டாச்சிணுங்கிதான், கோபித்துக்கொள்ளாதே.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பொதுத்தேர்வுப் பெயர்ப் பட்டியல் முப்பத்தொன்றாம் தேதிக்குள் போகவேண்டும். இப்படி வராமலே இருந்தால், பள்ளிப் பட்டியலில் சேர்க்காமல், தனித்தேர்வராக எழுதச் சொல்லிப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று தலைமையாசிரியர் சொல்கிறார். பள்ளியின் தேர்ச்சி விகிதம் அவருக்குப் பெரிது. அதற்குள் அவளை எப்படியாவது அனுப்பி வை. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தீபாவளிக்குப் பலகாரம் அனுப்புவாயா, அதிலும் கோபமா?

அன்புடன்,
வாணி

*

அகரம்,
17.10.2025

வாணி,

பலகாரம் கிடையாது.

தொட்டாச்சிணுங்கியா? நீ எழுதியதை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் அந்த இடத்துக்கு வந்ததும் உடம்பெல்லாம் எரிகிறது. போன மாசம் எங்கள் கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டர் புகைந்தபோது, எலக்ட்ரீசியன் வர இரண்டு நாளாகும் என்றான். மெயினை அணைத்துவிட்டு அதைக் கழற்றித் துடைத்து, கருகிய ஒயரை மாற்றி ஓடவிட்டவள் உன்னுடைய தொட்டாச்சிணுங்கிதான். மல்லிகை மொட்டில் புழு இருப்பதை எனக்கு முன்னால் அவள் கண்டுபிடிப்பாள். இதில் ஏதாவது உனக்குத் தெரியுமா? ஐந்து மாசத்தில் மார்க்கைத் தவிர வேறு ஒரு கேள்வி அவளிடம் கேட்டிருக்கிறாயா?

நேற்று ராத்திரி அவளே வாய் திறந்தாள். ஆகஸ்ட் மாசம் கணக்கில் ஒரு சந்தேகம் கேட்க எழுந்தாளாம். நீ சொன்னாயாம், "மொதல்ல ரெண்டாம்படிக்கு ஏறு, அப்புறம் சந்தேகம் கேக்கலாம்." வகுப்பே சிரித்ததாம். அன்றையிலிருந்து எந்தப் பாடத்திலும் அவள் கை தூக்கியதில்லை. புரியாதவள்தானே சந்தேகம் கேட்பாள்? புரிந்தால்தான் கேட்கலாம் என்றால் நீ அங்கே எதற்கு? சம்பளம் வாங்கவா?

நாம் அடி வாங்கினோம் என்கிறாய். பதினொன்றாம் வகுப்பில் பிசிக்ஸ் சார் பிரேயரில் உன் மார்க்கை மைக்கில் படித்தார். நீ மூன்று நாள் எங்கள் வீட்டில் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாய். என் அம்மா ஊட்டிவிட்டும் வாந்தி எடுத்தாய். "இந்த ஆளு செத்தாலும் நான் போயி பாக்க மாட்டேன்" என்று அழுதது யார்? நீ அந்த மைக்கைப் பிடுங்கி எறிவாய் என்று நினைத்தேன். நீ அதைவிடப் பெரிய மைக் வாங்கி மாட்டியிருக்கிறாய்.

உன் பள்ளிக்கு அவளை அனுப்பியதே நீ இருக்கிறாய் என்றுதான். "வாணி பாத்துக்குவா" என்று சொல்லித்தான் அவங்க அப்பாவைச் சம்மதிக்க வைத்தேன். இப்போது அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

கையெழுத்தா? உன் தலைமையாசிரியரே வந்து வாங்கட்டும். வாசலிலேயே நிற்க வைத்துப் பேசுகிறேன்.

அங்காளம்மாள்

*

திண்டுக்கல்,
24.10.2025

அன்புள்ள அங்கா,

ஒரு வாரம் பதில் எழுதவில்லை. எழுதிக் கிழித்ததே நான்கு இருக்கும். எல்லாவற்றிலும் என் பக்க நியாயம்தான் இருந்தது.

ரெண்டாம்படிக்கு ஏறு என்று அவளிடம் நான் சொன்னது உண்மைதான். அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஒன்றை மட்டும் ஜீவிதா உன்னிடம் சொல்லவில்லை. வகுப்பு சிரித்தபோது நானும் சிரித்தேன். நான் சாமர்த்தியமாகப் பேசிவிட்டதாக எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

நேற்று பிள்ளைகள் போனபிறகு ஏணியைக் கழற்றினேன். மற்றவர்களின் படங்களெல்லாம் சுலபமாக வந்தன. ஜீவிதாவின் குண்டூசி மட்டும் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது. மூன்றரை மாசமாக அதை யாரும் எடுக்கவே இல்லையே. நகத்தால் நெம்பித்தான் எடுத்தேன். தலைமையாசிரியர் காலையில் பார்த்துவிட்டு, ஆய்வுக்கு ஆள் வரும் நேரத்தில் இப்படிச் செய்யலாமா என்று சத்தம் போட்டார். போடட்டும் என்று விட்டுவிட்டேன்.

என்னை மன்னித்துவிடு அங்கா. நம் சிநேகிதத்தை இதற்காக விட்டுவிடாதே. அவளைக் கூட்டி வா.

வாணி

*

அகரம்,
25.10.2025

வாணி,

ஏணியைக் கழற்றியது நல்லது. ஆனால் மன்னிப்பை எதற்கு எனக்கு அனுப்பினாய்? சுவரில் குத்தி வைத்தது என் படத்தையா? எல்லார் முன்னாலும் சிரித்தது என்னைப் பார்த்தா?

அவளுக்கு எழுது. "ஆனால்" என்று ஒரு வார்த்தை வராமல் எழுது. உன்னால் முடியாது என்றால் அதையும் சொல்லிவிடு, நான் வேறு பள்ளி பார்க்கிறேன். நம் சிநேகிதத்தைப் பற்றி இப்போது பேச எனக்குத் தெம்பில்லை.

அங்காளம்மாள்

*

திண்டுக்கல்,
27.10.2025

ஜீவிதாவுக்கு,

உன் படத்தை உன்னைக் கேட்காமல் சுவரில் வைத்தேன். நீ சந்தேகம் கேட்டபோது கேலி செய்தேன். மற்றவர்கள் சிரித்ததை நிறுத்த வேண்டிய நானே சிரித்தேன். மூன்றும் தப்பு. மன்னித்துக்கொள்.

பெயர்ப் பட்டியலில் உன் பெயரை எழுதிவிட்டேன். தலைமையாசிரியர் மறுத்தார். வகுப்பாசிரியை நான், என் கையெழுத்து இல்லாமல் பட்டியல் போகாது என்றேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் உன் பெயர் அதில் இருக்கும்.

இனி விடைத்தாளை மார்க் வரிசையில் கூப்பிட்டுக் கொடுக்கமாட்டேன். மடித்து அவரவர் கையில் தருவேன். அன்று நீ கேட்க வந்த சந்தேகம் என்ன என்று எனக்குத் தெரியாது, கேட்கவே விடவில்லையே. அதைச் சொல்லித்தர ஆசைப்படுகிறேன்.

இசைவாணி

*

அகரம்,
29.10.2025

வணக்கம் டீச்சர்,

உங்கள் கடிதம் கிடைத்தது. அம்மா அதைப் பிரிக்காமல் என்னிடம் கொடுத்தார்கள். நானே படித்தேன்.

திங்கட்கிழமை வருகிறேன். நஜ்முன்னிசா பக்கத்தில் உட்காருகிறேன். நான் வந்ததும் எல்லோரையும் கை தட்டச் சொல்லாதீர்கள். என்னைப் பாராட்டிப் பேசவும் வேண்டாம், அதற்கும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். சந்தேகம் வந்தால் நானே கேட்கிறேன். மன்னிப்பதைப் பற்றி எனக்கு இன்னும் தெரியவில்லை, பொய்யாக எழுதக்கூடாது என்று அம்மா சொன்னார்கள்.

ஒரு விஷயம் கேட்கவேண்டும். என் படத்துக்குப் பக்கத்தில் தமிழ்மதியின் படம் இருந்தது. அவளும் ஜூலையிலிருந்து முதல் படிதான். செப்டம்பர் மாசம், தனித்தேர்வராக எழுதட்டும் என்று அவள் அம்மாவிடம் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டீர்கள். இப்போது மில் வேனில் வேலைக்குப் போகிறாள். நேற்று பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன், என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பட்டியல் போக இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அவள் அம்மா உங்கள் கூடப் படித்தவர் இல்லை டீச்சர். அவளுக்கு யார் எழுதுவார்கள்?

ந. ஜீவிதா,
பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு