மாமனாரின் நினைவு நாள்

கேசோங்,
7 மே 1950

என் அன்புக்குரியவருக்கு,

ஓக்பூன் வணங்கி எழுதுவது. நான் நலம், உங்கள் நலம் தெரியாதவரை அதுவும் பாதி நலம்தான். நேற்று விடியலில் ஒரு கனவு. மூடுபனிக்குள்ளிருந்து செருப்பைக் கையில் பிடித்தபடி சோங்காக் மலையிறங்கி வந்தீர்கள். "சோறு ஆச்சா?" என்று கேட்டீர்கள். விழித்துப் பார்த்தால் பனி மட்டும் இருந்தது.

ரஷ்யர்களும் அமெரிக்கர்களும் நம் நாட்டின் நடுவே கோடு கிழித்தார்கள். இரண்டு பட்டாளமும் வீடு போய்ச் சேர்ந்தாயிற்று. கோடு மட்டும் போகவில்லை; வடக்கே நீங்கள், தெற்கே நான். தண்டவாளம் பதிக்கிறவருக்குப் பெண்டாட்டியிடம் வர ஒரு வழி தெரியாதா?

உங்கள் ஓக்பூன்

சாரிவோன்,
25 மே 1950

அன்பு ஓக்பூன்,

வழி தெரியும். காவல்தான் தெரியாது. இந்தப் பக்கம் ஆற்றங்கரைக் காவல்காரன் எனக்குப் பழக்கம். உன் பக்கத்து மலையில் எப்போது ஆள் குறையும் என்று விசாரித்து எழுது. அன்றே வந்துவிடுவேன். இங்கே ஆப்பிள் மரங்களெல்லாம் பூத்து ஓய்ந்துவிட்டன, நீ பார்க்கவில்லை.

இன்சிக்

கேசோங்,
8 ஜூன் 1950

என்னவருக்கு,

நம் கடைக்குச் சாப்பிட வரும் மலைக்காவல் சார்ஜெண்ட் ஓட்டைவாய். விசாரிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"நாத்து நடவுக்குப் பாதிப் பேர ஊருக்கு அனுப்புறாங்கக்கா. மாசக் கடைசி ஞாயித்துக்கிழம மலைக்குக் காக்காதான் காவல்."

"யாராச்சும் டாங்கியோட வந்துட்டா?"

"கும்பிட்டு ஒதுங்கிக்க வேண்டியதுதான். அமெரிக்கக்காரன் பீரங்கிய விட்டுட்டுப் போனான், குண்டு குடுக்க மறந்துட்டான்."

அவர் சிரித்தார். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. அந்த ஞாயிறு விடியலில் வந்துவிடுங்கள்.

ஓக்பூன்

சாரிவோன்,
19 ஜூன் 1950

ஓக்பூன்,

உன் கடிதம் என் கைக்கு வரும்போதே பிரித்திருந்தது. மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, "உன் பொண்டாட்டி கெட்டிக்காரிப்பா" என்று முதுகில் தட்டினார். எனக்குத் தண்டவாள வேலை தலைக்குமேல் கிடக்கிறது. வர முடியாது.

அந்த ஞாயிறுதானே உன் அப்பாவின் நினைவு நாள்? மகள் இல்லாமல் படையல் வைப்பார்களா? சனிக்கிழமைக்குள் தெற்கே சுவோனில் உன் அண்ணன் வீட்டுக்குப் போய்விடு. படையலுக்குப் பேரிக்காய் வாங்கக்கூட நிற்காதே. போனால் அங்கேயே இரு.

இன்சிக்

கேசோங்,
25 ஜூன் 1950, ஞாயிறு விடியல்

உங்களுக்கு,

கடிதம் வந்ததிலிருந்து அழுதுகொண்டிருக்கிறேன். என் அப்பா இறந்தது நவம்பர் கடைசிக் குளிரில், கிம்ச்சிக்கு முட்டைக்கோசை உப்பில் போட்டிருந்த நாளில். உறைந்த மண்ணில் மண்வெட்டி இறங்காமல், கை கிழியக் குழி வெட்டியவரே நீங்கள். அவருக்கு ஜூனில் நினைவு நாளாம். எந்த வீட்டு மருமகன் இதை மறப்பான்? வர மனமில்லை என்றே எழுதியிருக்கலாம். நான் எங்கும் போகவில்லை. இனி உங்களுக்கு எழுதவும் மாட்டேன்.

மழைக்குள் ரயில் கூவுகிறது. வடக்கேயிருந்து. கோட்டருகே பெயர்த்துப் போட்டிருந்த தண்டவாளத்தில் எப்படி வரும்? ஒரு நொடி, நீங்கள்தான் என்று நினைத்துப் படலைத் திறந்துவிட்டேன்.

எதிர்வீட்டு அண்ணி ஓடிவந்து என்னை உள்ளே தள்ளினாள். "கதவச் சாத்துடி. ரயிலு பூராப் பட்டாளம். வடக்கத்தியான் வந்துட்டான்."

தண்டவாள வேலை என்றீர்களே. பேரிக்காய் வாங்கக்கூட நிற்காதே என்றீர்களே.

நீங்கள் எதையும் மறக்கவில்லை. உங்களைப் போய் வைதுவிட்டேனே.