அப்பாவின் ராஜினாமா

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுவது. உடம்பளவில் நாங்கள் இருவரும் நலம். மற்றதைப் படிக்குமுன் நீ எங்காவது உட்கார்ந்துகொள்.

சென்ற ஞாயிறு காலை, காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, குடியிருப்புச் சங்கச் செயலாளர் பதவியைத் துறப்பது என்று உன் அப்பா முடிவெடுத்தார். உலகம் வழக்கம்போல் சுற்றியது என்றாலும் செய்தி முதல் மாடி வரை போய்விட்டது. வருஷா வருஷம் நடப்பதுதான், உனக்கே தெரியும். லிஃப்டுக்குள் கால் துடைக்க மிதியடி போடச் சொல்வார், போடமாட்டார்கள், இவர் ராஜினாமா எழுதிக் கொடுப்பார், சங்கத் தலைவரான பல் டாக்டர் அதை மடித்து இவர் பையிலேயே வைத்து, நீங்க இல்லாம இந்தக் கட்டடம் நிக்குமா சார் என்பார், இவரும் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு இரங்குவார். இந்த முறை கெடுத்தது என் வாய். ராஜாக்கள் முடியைக் கழற்றி வைப்பதுதானே ராஜினாமா என்று எழுதும்போது கேட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். நூலகத்தில் வேலை பார்த்த புத்தி, அகராதியைப் பிரித்துக் காட்டிவிட்டேன். ராஜாவுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அரபியில் ராஜி என்றால் மனம் ஒப்பியவர், பாரசீகத்தில் நாமா என்றால் பத்திரம். வழக்கு ராஜியாகிவிட்டது என்கிறோமே, அதே ராஜி. சண்டை தீர்ந்தவர்கள் எழுதிக் கொடுத்த சம்மதப் பத்திரம் எப்படியோ நம்மிடம் கோபித்துக்கொண்டு போகிறவர்கள் கைக்கு வந்துவிட்டது. அப்பா அசந்துபோனார். அதோடு விட்டிருக்கலாம். நாலு பேருக்குத் தெரியட்டும் என்று அத்தனையையும் கடிதத்தில் சேர்த்து, கூட்டத்தில் நின்று வாசித்தார்.

பல் டாக்டர் கண் கலங்கிவிட்டார். இத்தனை வருஷமா நீங்க கோவத்துல போறீங்கன்னு நெனச்சுல்ல சார் புடிச்சு வெச்சோம், மனசார சம்மதிச்சுத்தான் எழுதறீங்கன்னு இப்பதானே வெளங்குது, இனிமேலும் தடுத்தா நாங்கல்லாம் மனுஷங்களா என்று சொல்லி, அங்கேயே ஏற்றுக் கையெழுத்துப் போட்டார். எதிர்வீட்டுத் தையற்கார அம்மாள் கைதட்டினாள், மற்றவர்களும் தட்டினார்கள். அப்பா நின்றது நின்றபடி இருந்தார். அன்றிலிருந்து அவர் பேசுவது ஒரே வாக்கியம்தான், ஏத்துக்கிட்டாங்களே என்று. பல் தேய்க்கும்போதும் அதுதான். தண்ணீர் மோட்டார் நின்ற சத்தம் கேட்டால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கதவு வரை போகிறார், பிறகு நினைவு வந்து திரும்பி வந்து உட்காருகிறார். எனக்கும் அதிர்ச்சிதான், ஆனால் அந்த உட்காருவதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

நீயும் அவர் பெண்தான், அதனால் சொல்கிறேன். அலுவலகத்தில் கோபம் வந்தால் வாயோடு நிறுத்திக்கொள், எழுதாதே, எழுதினால் விளக்காதே. போனில் அப்பாவிடம் லிஃப்டைப் பற்றி விசாரிக்காதே. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. போன இடத்தில் நல்ல பெயரும் நல்ல தூக்கமும் வாய்த்து நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்
அம்மா

பி.கு.: இந்த ஞாயிறு மாலை கூப்பிடாதே, எனக்குச் சங்கக் கூட்டம் இருக்கிறது. செயலாளராக என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.