திருப்பி அனுப்பிய சுடிதார்

ஜூலை 8, செவ்வாய்

பேய்க்காற்று. கொடியில் போட்ட துணியை இரண்டு தடவை அடுத்த வீட்டு மாடியிலிருந்து பொறுக்கி வந்தேன். மாத்திரை காலை ஆறுக்கே ஆயிற்று. தண்ணீர் லாரி வரவில்லை.

மதியம் பார்சல். அவர் வாங்கி அனுப்பியது. ஈரோட்டில் ஒரு பெண் வீட்டிலேயே தைத்து விற்கிறாளாம். கப்பலில் இருந்துகொண்டே போனில் பார்த்துப் பணம் கட்டியிருக்கிறார், மாதா கோயில் திருவிழாவுக்கு நான் போட. மயில் கழுத்து நிறம். கழுத்தைச் சுற்றிக் கைத்தையல். என்ன அழகு! கப்பல் சமையல்காரருக்கு இவ்வளவு ரசனை ஆகாது.

அளவு எக்ஸ்எல்.

போட்டுப் பார்த்தேன். தோளில் நிற்கவில்லை. உள்ளே இன்னொருத்தியையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆறு மாதம் முன்பு, அவர் கப்பல் ஏறும்போது, கச்சிதமாக இருந்திருக்கும். மனுஷன் ஞாபகமாகத்தான் வாங்கியிருக்கிறார். அதை நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. கண்ணீர் பட்டுக் கறையாகிவிடக் கூடாதென்று அவசரமாகக் கழற்றினேன்.

மாலை வீடியோ கால். வழக்கம்போல் போனைக் கிட்டப் பிடித்து முகம் மட்டும். கழுத்தில் துப்பட்டா.

"போட்டுப் பாத்தியாளா?"

"திருவிழாவுக்குத்தான் போடுவேன். இப்பவே போட்டா பழசாயிரும்லா."

நம்பிவிட்டார். பாவம்.

ஜூலை 9, புதன்

புஷ்பம் அக்காவிடம் கொண்டுபோனேன். தெருமுனையில் தைக்கிறவர். என் விஷயம் தெரிந்த ஒரே ஆள்.

"பக்கத்துல பிடிச்சிரலாம்ளா. ஆனா இந்தக் கழுத்துத் தையலப் பிரிச்சா துணி செத்துரும். பேசாம மாத்தி வாங்கு."

பெட்டிக்குள் ஒரு சீட்டு இருந்தது. தவறு எங்களுடையது என்றால் திருப்பி அனுப்பும் செலவு எங்களுக்கு, அளவு மாற்றம் என்றால் உங்களுக்கு.

அக்கா உடனே, "அளவத் தப்பா அனுப்பிட்டீங்கன்னு ஒரு போடு போடு. அவ செலவுலயே எடுத்துக்கிடுவா."

போடவில்லை. நான் ஒன்றும் உத்தமி இல்லை. தவறு அவள் மேல் என்றால் ஆர்டரை எடுத்துப் பார்ப்பாள். ஆர்டர் அவர் பெயரில், அவர் நம்பரில். எக்ஸ்எல்தானே கேட்டீர்கள் என்று அவரைக் கேட்பாள். தீர்ந்தது கதை. செலவை நானே கட்டினால் காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும்.

ஏன் மறைக்கிறேன் என்று எனக்கு நானே எழுதி வைக்கிறேன். கழுத்தில் கட்டி வந்தது. காசநோய் என்றார்கள், மற்றவருக்கு ஒட்டாத வகை. ஆறு மாதம் மாத்திரை, விடாமல் முடித்தால் குணம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மூன்று மாதம் முடிந்தது. மூன்று பாக்கி. அவருக்கும் கப்பலில் இன்னும் மூன்று மாதம். சொன்னால் அடுத்த துறைமுகத்திலேயே இறங்கிவிடுவார். அவர் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்ததற்கே பாதியில் ஓடி வந்தவர். அத்தை நாலாம் நாள் எழுந்து மீன் ஆய்ந்தார். இவர்தான் பதினாலு மாதம் வேறு கப்பல் கிடைக்காமல் வீட்டில். காலையில் எழுந்து, சட்டை போட்டுக்கொண்டு, போக இடமில்லாமல் வாசலில் நிற்பார். அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை.

ஜூலை 10, வியாழன்

ஈரோட்டுப் பெண்ணிடம் பேசினேன். சின்னக் குரல். பின்னால் தையல் மெஷின் ஓடுகிறது.

"எம் இருக்குதுங்க்கா. இங்க அனுப்பற செலவு மட்டும் உங்களுது. அங்க வர்றத நான் பாத்துக்கறேன். ஏனுங்க்கா, எக்ஸ்எல்லுக்கும் எம்முக்கும் இவ்ளோ வித்தியாசம்?"

"ஒடம்புக்குச் சரியில்லம்மா. மெலிஞ்சிட்டேன்."

முகம் தெரியாதவளிடம் சட்டென்று வந்துவிட்டது. வீட்டுக்காரருக்குத் தெரியாது என்பதை மட்டும் சொல்லவில்லை. வெட்கம்.

ஜூலை 11, வெள்ளி

1. ஜி.எச். - மாத்திரை
2. தபால் ஆபீஸ்
3. பச்சை மிளகாய், தேங்காய் ஒன்று
4. கரண்ட் பில் (மறந்தேன்)

ஜி.எச்.சில் எடை 44. போன மாதத்தைவிட அரைக் கிலோ கூட. நர்ஸ் சிரித்தாள். அங்கிருந்து நேரே தபால் ஆபீஸ். பார்சலையும் எடை போட்டார்கள். கவுண்டரில் இருந்தவர், "உள்ள என்னம்மா?" என்றார். சுடிதார், பெரிசாக இருக்கிறது, திருப்பி அனுப்புகிறேன் என்றேன்.

"பெருசுன்னா என்ன, சாப்பிட்டா சரியாப் போவும்லா."

வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும். பணம் கட்டி, ரசீதைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். அப்பாடா.

ஜூலை 15, செவ்வாய்

காலை பத்துக்கே அவர் அழைப்பு. எப்போதும் மாலையில்தான். கப்பல் அடுக்களையில் நின்றே பேசினார், பின்னால் குக்கர் சத்தம்.

"ஈரோட்டுப் பிள்ள மெசேஜ் போட்டுருக்கு. வாசிக்கேன், கேளு."

வாசித்தார். 'அண்ணா, அக்கா உடம்பு சரியில்லாம மெலிஞ்சுட்டாங்கன்னு சொன்னாங்க. மனசுக்குக் கஷ்டமா போச்சு. எம் இன்னைக்கே அனுப்பறேன். திருப்பி அனுப்பின செலவையும் நானே ஏத்துக்கறேன். பணம் உங்ககிட்ட இருந்துதான் வந்துச்சு, அதனால தபால் காசை உங்க நம்பருக்கே போட்டுட்டேன். அக்காவை நல்லா பாத்துக்குங்க.'

தபால் செலவை என் தலையில் கட்டாத ஒரே வியாபாரி, எனக்கென்று வாய்த்தாள். அவளைத் திட்டவும் மனம் வரவில்லை.

"என்னளா ஒனக்கு?"

சொன்னேன். கட்டி, மாத்திரை, ஒட்டாது, மூன்று மாதம். எல்லாம்.

"இருவத்திரெண்டு பேருக்கு மூணு நேரமும் ஆக்கிப் போடுதேன். எவன் எத்தன சப்பாத்தி திங்கான்னு எனக்குத் தெரியும். எம்பொண்டாட்டி மெலிஞ்சத ஈரோட்டுக்காரி சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கிடணுமா?"

"சொன்னா எறங்கி வந்துருவியள்லா."

"வருவேன்தான்."

"வந்து? மாத்திரய நாந்தான முழுங்கணும்? நீங்க திரும்ப வாசல்ல நிக்கதப் பாத்தா எனக்கு ஒடம்பு தேறுமா?"

கோபமாகத்தான் சொன்னேன். அதற்குள் அழுதுவிட்டேன். அவரும் அழுதார். குக்கர் கூவிக்கொண்டே இருந்தது, யாரோ வந்து அடுப்பை அணைத்தார்கள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இஞ்சு டேப்ப எடு" என்றார்.

"எதுக்கு?"

"எடுளா."

ஈரோட்டுக்கு அளவு சொல்லப் புஷ்பம் அக்காவிடம் வாங்கியது மேசையிலேயே கிடந்தது. தோள், மார்பு, இடுப்பு, கை. ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொல்ல, அவர் திரும்பச் சொல்லி எழுதினார். டேப்பைக் கேமராவில் காட்டச் சொன்னார், அவ்வளவு நம்பிக்கை என் மேல். மார்பு முப்பத்தாறு என்றதும் எழுதாமல் நிறுத்திவிட்டார். போகும்போது நாற்பது.

"சரி, எறங்கல. ஆனா ஞாயித்துக்கெழம தோறும் அளந்து சொல்லணும். ஒரு வாரம் கொறஞ்சாலும் அடுத்த ஹார்பர்ல பெட்டியத் தூக்கிருவேன். பாத்துக்க."

மத்தியானம் இரண்டு முட்டை சாப்பிட்டேன். இறங்கவில்லை. தண்ணீர் குடித்து இறக்கினேன்.

ஜூலை 20, ஞாயிறு

காற்று அடங்கியிருக்கிறது. முதல் பூசைக்குப் போய் வந்தேன். எம் நேற்று வந்தது, பொருந்துகிறது. ஈரோட்டுப் பெண்ணுக்குப் படம் அனுப்பினேன்.

பத்துக்கு அவர் வீடியோ காலில் வந்துவிட்டார், கையில் நோட்டும் பேனாவும். தோள் அப்படியே. இடுப்பு அப்படியே. கை அப்படியே. மார்பு முப்பத்தாறரை.

"அர கூடிட்டுளா!"

கப்பலே கேட்கும்படி கத்தினார். பக்கத்தில் யாரோ இந்தியில் என்ன என்ன என்று கேட்கிறார்கள். அவர்களிடமும் ஓடிப்போய்ச் சொல்கிறார்.

அளக்கும்போது மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்திருந்தேன்.