ஒன்பது நிமிடப் பதிவும் வெள்ளிக்கிழமை வகுப்பும் குறித்து

அனுப்புநர்:
தாவரவியல் விரிவுரையாளர் (ஆண்டு ஒப்பந்தம்),
மகளிர் கலை அறிவியல் கல்லூரி.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
கல்லூரிக் கல்வி அலுவலகம்.

பொருள்: இணையவழி வகுப்புக்கு எளிய பயிற்சி அளிக்கவும், என் வகுப்புப் பதிவின் ஒரு பகுதியை நீக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இக்கல்லூரியில் இருபத்து மூன்று ஆண்டுகளாகத் தாவரவியல் கற்பித்து வருகிறேன். இதுவரை என்மீது ஒரு புகாரும் இல்லை. இப்பருவம் முதல் வாரம் இரு வகுப்புகளை இணையவழியில் நடத்த வேண்டும் என்றும், மூன்று முறை 'திருப்தியில்லை' என மதிப்பிடப்பட்டால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்றும் தங்கள் சுற்றறிக்கை தெரிவிக்கிறது. எனக்கு இரண்டு ஆகிவிட்டன.

2. பயிற்சி ஒரே ஒரு மதியம் நடந்தது. அரங்கில் நூறு பேர் இருந்தோம். மைக்கை எங்கே திறப்பது என்று எழுந்து கேட்டேன். பயிற்சியாளர், "இது சின்னப் பிள்ளைங்களுக்கே தெரியுமே மேடம்" என்றார். அரங்கம் சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். அதன்பின் நான் எதையும் கேட்கவில்லை.

3. மதிப்பிடப்பட்ட முதல் வகுப்பில் நாற்பது நிமிடம் மைக் மூடிய நிலையிலேயே பேசியிருக்கிறேன். "மேடம், கேட்கலை" என்று மாணவியர் திரும்பத் திரும்ப எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அப்படி எழுத ஓர் இடம் இருப்பதே எனக்குத் தெரியாது.

4. இரண்டாம் வகுப்பை வீட்டிலிருந்து நடத்தினேன். வகுப்புச் செயலியைத் திரையிலிருந்து மறைத்ததும் வகுப்பு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அறைக்குள் வந்த என் கணவரிடம், "என்னால முடியலைங்க. பதிவாகுதுன்னு காட்டுற அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்தாலே பாடமே மறந்துபோகுது. வேலை போயிடுமோன்னு பயமா இருக்கு" என்று சொல்லி அழுதேன். "யாரையாவது கேளேன்" என்றார். "கேட்டா சிரிப்பாங்க" என்றேன். இந்த ஒன்பது நிமிடமும் பதிவாகி, அறுபத்திரண்டு மாணவியர் பார்க்கும் இடத்தில் இன்றும் இருக்கிறது. மறுநாள் வகுப்பறைக்குப் போனேன். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன், ஐயா.

5. எங்கள் ஆய்வக உதவியாளர், நுண்ணோக்கிகளைத் துடைத்து வைப்பவர், வெளியூரில் இருக்கும் தம் மகளோடு தினமும் திரையில் பேசுபவர். அவர்தான் ஒரு நாள் என் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "மூணே மூணு பட்டன் மேடம். மத்ததை ஏறெடுத்தும் பார்க்காதீங்க" என்றார். மாதிரிப் புட்டிகளில் ஒட்டும் சீட்டில் அந்த மூன்றையும் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினார். மூன்று காலை வேளைகள் பொறுமையாக உட்கார்ந்தார். நான்காம் நாள், யாரும் மதிப்பிடாத ஒரு வகுப்பில், ஓர் இலையைக் கேமராவுக்கு அருகே பிடித்தேன். "நரம்பெல்லாம் தெரியுது மேடம்!" என்று ஒரு மாணவி கத்தினாள். கரும்பலகையில் என்னால் அப்படிக் காட்ட முடிந்ததே இல்லை. எனவே நான் இந்த முறைக்கு எதிரானவள் அல்ல.

6. ஆனால் இந்தத் திங்கட்கிழமை அச்செயலி புதுப்பிக்கப்பட்டது. பட்டன்கள் இடம் மாறிவிட்டன; ஒன்றை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். தம் வேலையை விட்டுவிட்டு என்னருகே உட்காரக் கூடாது என்று ஆய்வக உதவியாளருக்குக் கல்லூரி அலுவலகம் உத்தரவிட்டுள்ளது. மூன்றாம் மதிப்பீடு வரும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. இரு நாட்களாகச் சோறு இறங்கவில்லை.

ஆகவே, அந்த ஒன்பது நிமிடத்தை உடனே நீக்கவும், வெள்ளியன்று ஆய்வக உதவியாளர் என்னருகே இருக்க அனுமதிக்கவும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். எங்களைப் போன்றவர்களுக்கு ஏழெட்டுப் பேராக, மாணவியர் இல்லாத அறையில், தவறாக அழுத்திப் பார்க்க நேரம் கொடுத்துச் சொல்லித்தர வேண்டும். செயலியில் எதை மாற்றினாலும் ஒரு வாரம் முன்பே தெரிவிக்க வேண்டும்.

இம்மனுவில் எட்டுப் பேர் கையொப்பமிடுவதாக இருந்தோம். இன்று மதியம் மற்ற எழுவரும் ஒவ்வொருவராக வந்து, "என் பேரு வேணாம், தப்பா நினைச்சுக்காதீங்க" என்று சொல்லிப் போனார்கள். நான் தப்பாக நினைக்கவில்லை. அவர்கள் யார் என்று தாங்கள் விசாரிக்க வேண்டாம். பயிற்சிக்கு மட்டும் எட்டு நாற்காலிகள் போடச் சொல்லுங்கள்.

இடம்: ஆசிரியர் ஓய்வறை
நாள்: புதன்கிழமை, மாலை

தங்கள் பதிலை அஞ்சியபடி எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
தாவரவியல் விரிவுரையாளர்