ஒரு பெயரில் பதிந்த மனை

மந்தைவெளி
12.6.1974

அன்புள்ள தேவானை,

நாம் ஆபீஸ் சம்பளத்திலிருந்து ஆளுக்குப் பாதிப் பணம் போட்டு வேளச்சேரியில் வாங்கிய மனையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பத்திரம் பதிந்த அன்று அப்பா, "ரெண்டு பேர் பேர்ல எதுக்கும்மா? நாளைக்கு ரெண்டு மாப்பிள்ளையும் அடிச்சிக்கினு நிப்பாங்க" என்றார். நீ சிரித்தாய். "அவ பேர்லயே இருக்கட்டும் மாமா, எங்க ஓடிடப் போறா?" என்றாய். நான் கையெழுத்துப் போட்டேன். மூன்று வருஷமாகியும் உன் பங்கை நான் எழுதித் தரவில்லை. நீயும் கேட்கவில்லை, என்னோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டாய்.

நேற்று என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா அந்த மனை முழுவதையும் சீர் என்று சொன்னார். "பாதி என் தோழியுடையது" என்றேன். கடிதம் போடுவதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார்கள்.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் பதிவு அலுவலகத்துக்கு வா. நீ என்னோடு பேசக்கூட வேண்டாம், உன் பாதியை வாங்கிக்கொண்டால் போதும்.

உன் பழைய பக்கத்து மேஜைக்காரி